தம்பி முழுங்கிய விளக்கு

சிங்கப்பூரிலிருந்து பெரியம்மா எனக்கென்று வாங்கிவந்த பெட்டியை முதலில் பிரித்தவர் அப்பா. ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேர்த்தால் ஒரு ரயில் எஞ்சின் வரும். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா பொன்மலையில் ரயில்வே ஃபிட்டர். பகலெல்லாம் நிஜ எஞ்சினைக் கழற்றி மாட்டிவிட்டு வருகிற மனிதருக்கு இது எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"பாப்பாவுக்குச் சொல்லித் தரேன்" என்றார் அப்பா.

அவர் சொல்லித் தந்தது இதுதான்: கேட்கிற கட்டையை நான் தேடி எடுத்து நீட்ட வேண்டும், அவர் மாட்டுவார். இரண்டாம் நாள் கட்டைகளை அளந்து பார்ப்பதற்கென்றே யாரிடமோ வெர்னியர் அளவுகோல் இரவல் வாங்கிவந்தார். ஏறக்குறைய பாதிப் பெட்டியை அளந்து முடித்துவிட்டு, சமையலறை வரை போய், "மயிரிழை வித்தியாசம் இல்ல, பாரு" என்றார். அம்மா குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாளில் எஞ்சின் முடிந்தது. முகப்பில் கண்ணாடி போல ஒரு மஞ்சள் விளக்கு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் கழற்றி மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எஞ்சினைத் தூக்கிப்போக முடியாது, விளக்கையாவது காட்டலாமே. மதிய இடைவேளையில் ஏழெட்டுப் பேர் கை மாறியது. மணி அடித்தபோது யார் கையிலும் இல்லை. மைதானத்து மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வேலையிலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் எஞ்சினிடம்தான் போனார். "விளக்கு எங்கம்மா?"

ஒன்றரை வயசுத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பொரி மென்றுகொண்டிருந்தான். அவன் வாய் அசைந்ததுதான் எனக்கு வழி காட்டியது.

"தம்பி முழுங்கிட்டான்."

இவ்வளவு சின்ன வாக்கியம் அவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. அம்மா அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அத்தைகள் ஓடிவந்தார்கள். ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். டாக்டர் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டியதுபோல ஆகி, சிரித்தான்.

"எக்ஸ்ரே எடுத்தாலும் பிளாஸ்டிக் தெரியாதும்மா. நல்லாத்தான் இருக்கான். வாழைப்பழம் கொடுங்க, ரெண்டு மூணு நாள்ல தானா வந்துடும்."

அப்பா காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரு தார் பூவன் பழம் வாங்கிவந்தார். தம்பி வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் வந்திருக்காது. கேட்காமலே பழம். கொல்லையில் காகிதத்தை விரித்து உட்காரவைத்தால் சுற்றிலும் நான்கு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவனும் தன்னால் ஆனதைச் செய்தான். அம்மா ஈர்க்குச்சியும் கையுமாகத் தேடி, ஒவ்வொரு தடவையும் "இல்ல" என்பாள். அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோனதை நான் பார்த்தேன். நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவள் பின்னாலேயே போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன். விளக்கு வெளியே வந்துவிட்டால் குழந்தைகளோடு ஸ்ரீரங்கம் வந்து பெருமாளுக்குத் துளசி மாலை சாத்துவதாக அவள் வேண்டிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை அப்பா, "இன்னிக்கு நான் பார்த்துக்கறேன்" என்று ஈர்க்குச்சியை வாங்கிக்கொண்டார். சிறிது நேரத்தில் கொல்லையிலிருந்து ஈரக்கையோடு வந்தார். உள்ளங்கையில் மஞ்சள் விளக்கு.

அம்மா அழுதாள். அத்தைகளும் அழுதார்கள். பள்ளிக்கூடத்து மண்ணில் தொலைந்தது தம்பி வயிற்றிலிருந்து எப்படி வரும்? ஒரே விளக்கம்தான் இருந்தது. என் பொய்யைக் காப்பாற்றப் பெருமாளே அவன் வயிற்றுக்குள் ஒரு விளக்கைச் செய்துவைத்திருக்கிறார். அம்மா வெந்நீரில் மூன்று தடவை கழுவிக் கொடுத்ததை அப்பா எஞ்சினில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

போன மாதம் அப்பாவும் என் மகளும் அந்த எஞ்சினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவே மாட்டிக்கொண்டிருந்தார், மகள் கட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய வட்டக் கோடுகள், கடைசல் பிடித்த தடம். அப்பாவைப் பார்த்தேன்.

"மஞ்சள் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி" என்றார் நிமிராமல். "மன்னார்புரத்துல தெரிஞ்சவர் லேத்துல கடைஞ்சேன்."

"நான் சொன்னது பொய்னு அப்பவே தெரியுமாப்பா?"

"உங்கம்மா மூணு நாளா சாப்பிடலயே" என்று சொல்லிவிட்டு, என் மகளிடம் அடுத்த கட்டையைக் கேட்டார்.

விளக்கு கிடைத்த வாரத்துச் சனிக்கிழமை, வேண்டுதலை நிறைவேற்ற ஸ்ரீரங்கம் போனபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. வரிசை கர்ப்பக்கிரகத்தை நெருங்க நெருங்க நான் ஒவ்வோர் அடியாகப் பின்தங்கினேன். உள்ளே படுத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, அம்மாவிடம் சொல்லிவிடுவார் என்றே நம்பினேன். தம்பியைத் தூக்கிப் பிடித்து அம்மா கண்ணீரோடு சேவித்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டேன். அப்பா திரும்பி ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்து, தோளில் கிடந்த துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு, என்னை முழுசாக மறைத்தபடி நின்றார். நல்லவேளை, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.