அழாத குட்டி

எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் அப்பா வேட்டைநாய் வளர்த்தார். குட்டிகள் கண் திறந்ததும் ஒவ்வொன்றையும் பிடரியைப் பிடித்துத் தூக்குவார். கத்துகிற குட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். கத்தாததை வீட்டில் வைத்துக்கொள்வார். "நல்ல ரத்தம்லா. இதைப் பழக்கவே வேண்டாம்" என்பார்.

நானும் தம்பியும் இரட்டையர். எங்களையும் அவர் அப்படித்தான் தரம் பிரித்திருந்தார். குழந்தையில் அம்மை ஊசி போட்டபோது நான் வீறிட்டேனாம், அவன் பேசாமல் முழித்தானாம். தீர்ந்தது கதை. அவன் மூளைக்காரன், நான் பாடுபட்டுப் பிழைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வந்தது. காலேஜுக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ காலேஜ் என்றால் உயிர். மூளைக்காரனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ட்யூஷன். அந்தத் துரை பஸ் ஏறிப் போய், பால்கோவா தின்று, தேரடியில் அரட்டை அடித்துவிட்டுத் திரும்புவார். "புத்தகத்தையே தொட மாட்டேங்கானே" என்று அம்மா புலம்பினால், "கற்பூர புத்தி அவனுக்கு. ஒருக்கா பாத்தாப் போதும்" என்று அப்பா அடக்குவார். நான் நாய்க்கூண்டைக் கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடுவேன். "பாவம், மாடா உழைக்கா" என்பார். அதுதான் எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்.

அந்த வருஷம் கத்தாமல் தேறிய குட்டி என்ன கூப்பிட்டாலும் திரும்பவில்லை. "திமிரு! நல்ல ரத்தம் அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா பூரித்தார். மாட்டு டாக்டர் அதன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இதுக்குச் சுத்தமாக் காது கேக்காது" என்றார். அப்பா அசரவில்லை. "வேட்டைக்குக் கண்ணு போதும்" என்றார்.

ரிசல்ட் பேப்பரில் என் நம்பர் இருந்தது, அவன் நம்பர் இல்லை. அழவே தெரியாத மகராசன் தெருவே கூடும்படி ஓவென்று அழுதான். நான் அழவில்லை. அப்பாவின் பரீட்சையிலும் நான்தான் பாஸ் என்ற நினைப்பில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கணும்."

"அவன் மூளைக்கு என்ன கொறச்சல்? அடுத்த தடவ எழுதிருவான். அவன்தான் காலேஜுக்குப் போவான்" என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூடப் பொறந்தவன் அங்க கதறுதான், ஒனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா? பொட்டப்புள்ளைக்கு இம்புட்டு நெஞ்சழுத்தம் ஆகாதுட்டி."

அந்த மாதமே கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்தார். பெண் எப்படி என்று அவர் கேட்டதும், அப்பா பெருமையாகச் சொன்னது அடுப்படி வரை கேட்டது.

"நல்லா உழைப்பா."