மீன்கடையில் மராத்தி

பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் வேலை பார்த்தபோது, மீன் விற்கும் பெண்களுக்குக் கணக்கு தொடங்கித் தருவது என் பொறுப்பு. முதலில் துணிந்து வந்தவர் ஒரு அக்கா. கணக்கோடு, ஸ்கேன் பண்ணும் அட்டையும், வந்த பணத்தை உரக்கச் சொல்லும் பெட்டியும் கொடுத்தேன். பெருமையாக வாங்கிப் போனார்.

பத்தே நாளில் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளைக்கு வந்துவிட்டார். நெத்திலி வாசம் கேஷியர் வரைக்கும் போனது.

"இந்தா மேடம், உன் பொட்டி."

"ஏன்க்கா, பேசலையா?"

"பேசுதே! அதான் ரோதனை. எங்க ஊட்டுக்காரரு எதிர்ல டீக்கடையில குந்திக்கினு எல்லாத்தையும் கேக்குறாரு. சாயங்காலம் வந்து, 'இன்னிக்கு எட்நூத்தி நாப்பது, எடு'ன்றாரு. சுருக்குப்பையில இருந்தப்போ அவருக்கு இன்னா தெரியும்?"

சத்தத்தைக் குறைக்கலாம் என்றேன். அதையும் செய்து பார்த்துவிட்டாராம்; சந்தை இரைச்சலில் அவருக்கே கேட்கவில்லையாம். அப்புறம் பெட்டியை மீன் கூடைக்குள் ஒளித்திருக்கிறார். வஞ்சிரம் "நூற்று எண்பது ரூபாய் பெறப்பட்டது" என்றதும், வாங்க வந்த மாமி பையைப் போட்டுவிட்டு நாலடி பின்னால் போய்விட்டாராம்.

கடைசியில், பெட்டியின் பாஷையை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது.

"தெலுங்கு?"

"அவரு அம்மா நெல்லூரு."

"இந்தி?"

"டீ மாஸ்டர் இந்திக்காரன். சொல்லிக் குடுத்துடுவான்."

"மராத்தி?"

"அது இன்னாது?"

"அதையே வச்சிடலாம்."

அடுத்த வாரம் நானே மீன் வாங்கப் போனேன். டீக்கடையில் அவர் கணவர் முகம் சுளித்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், பொட்டி ரிப்பேரு. உளறிக்கினு கீது."

"கம்பெனிக்குச் சொல்றேங்க," என்று பொய் சொன்னேன்.

சங்கரா மீன் முந்நூற்று ஐம்பது ரூபாய். அவசரத்தில் முந்நூற்று நாற்பது அனுப்பிவிட்டேன், எனக்கே தெரியவில்லை. பெட்டி "தீன்ஷே சாளீஸ்" என்றது. அக்கா மீனை அறுப்பதை நிறுத்தாமலே சொன்னார்:

"மேடம், பத்து ரூபா கம்மி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மராத்தி எப்படிக்கா?"

"எம் பொண்ணு போன்லேர்ந்து ஒரு ரூபா, ரெண்டு ரூபான்னு அனுப்பச் சொன்னேன். பொட்டி சொல்றதக் கேட்டுக் கத்துக்கினேன். ஆயிரம் வரைக்கும் தெரியும்."

பத்து ரூபாயை அனுப்பினேன். அன்று மதியமே அக்கா கிளைக்கு வந்து, மாதாமாதம் பணம் போடும் சேமிப்பு ஒன்றைத் தன் பெயரில் தொடங்கினார். படிவத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது.