துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

அக்காவின் நகப்பூச்சுக் குப்பி சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். சிங்கப்பூர்த் தேக்கா சந்தைப் பக்கம் வளையல் கடை வாசலில் கூடையில் குவித்து விற்பார்களே, அந்த ரகம். தீபாவளிக்கு ஒருமுறை பூசிவிட்டு, ஈசூன் பேட்டையில் அவளும் அத்தானும் வாடகைக்கு இருந்த அறையின் சன்னலோரம் வைத்திருந்தாள். ஒருநாள் காலை அத்தான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். அக்காள் கணவர் அவர். மலேசியாவின் ஜொகூரிலிருந்து கடல் பாலம் தாண்டி வந்து, சிங்கப்பூரில் பணப்பெட்டி ஏற்றும் வேன்களுக்குக் காவல் போகும் நிறுவனம் ஒன்றில் துப்பாக்கி ஏந்தும் வேலையில் இருந்தார். நான் பள்ளியைப் பாதியில் விட்டு, கப்பல் பட்டறை, மீன் சந்தை, கார் கழுவும் இடம் என்று எதிலும் காலூன்றாமல் அலைந்துகொண்டிருந்தவன். அத்தான்தான் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார்.

எங்களுக்குக் கொடுத்தவை பழைய ரிவால்வர்கள். உருளையில் ஐந்து குழி, குழிக்கு ஒரு தோட்டா. ஒரே ஒரு ரிவால்வரில் ஒரு குழி கெட்டுப்போயிருந்தது. தோட்டா முழுதாக உள்ளே இறங்காது. அதன் விளிம்பு ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் குழி சுற்றி வரும்போது விளிம்பு இரும்பில் உரசி உருளை இறுகிவிடும். அதன் பிறகு விசையை இழுப்பதும் சுவரைத் தள்ளுவதும் ஒன்றுதான். பழுது பார்க்கச் சொல்லி அலுத்துப்போன அத்தான், அந்தக் குழியின் ஓரத்தில் அக்காவின் குப்பியிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அந்தத் துப்பாக்கி யார் கைக்கு வந்தாலும் புள்ளி உள்ள குழியைக் காலியாக விட்டு, நான்கு தோட்டா மட்டும் போட்டுக்கொள்வோம். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆயுத அறைக்குப் பொறுப்பான சார்ஜண்ட், சிங்கப்பூரிலேயே, தோ பாயோவில் பிறந்து வளர்ந்த தமிழர். பாலம் தாண்டி வந்த எங்களைக் கண்டால் கிண்டல் செய்ய அவருக்கு நாக்கு அரிக்கும். புள்ளியைப் பார்த்ததும் அத்தனை பேர் முன்னாலும் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார். "என்னா லா, துப்பாக்கிக்குப் பொட்டு வச்சிருக்க? அடுத்து வளைகாப்பா?" அறையே சிரித்தது. அக்காவுக்குக் கரு கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது. அதற்காக அத்தானுக்கு விடுப்பு கொடுத்தவரே சார்ஜண்ட்தான். அத்தானும் கூடச் சிரித்தார். அவமானம் வந்தால் முதலில் சிரித்து வாங்கி வைத்துக்கொள்வது அவர் சுபாவம்.

கொஞ்ச நாளில் துப்பாக்கி செய்த நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. பழைய ரிவால்வர்களில் ஒரு பிரிவு, கீழே விழுந்தால் தானாக வெடித்துவிடக் கூடும், திருப்பி அனுப்புங்கள் என்று. பார்வையிட ஆள் வருகிறது என்றதும் சார்ஜண்ட் துணியும் சாயம் கரைக்கும் தின்னரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயுதத்தில் சாயம் ஒட்டியிருந்தால் அவருக்குக் கெட்ட பேர்.

"சார், அந்தப் புள்ளி போயிட்டா எது கெட்டதுன்னு தெரியாது சார்," என்றார் அத்தான்.

"என் ஆயுத ரூம்ல கெட்டது எதுவும் இல்ல. கெட்டது உன் கைலதான்."

வந்தவர்கள் தாங்கள் தேடி வந்த பிரிவை மட்டும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனார்கள். எங்களிடம் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்தவற்றில் பாதி அதில் போயிற்று. குழி கெட்டது அந்தப் பிரிவைச் சேர்ந்ததில்லை. ஆகவே அது குறையற்றது என்ற பேரோடு, பொட்டும் இல்லாமல், மற்றவற்றோடு மற்றதாகக் கொக்கியில் தொங்கியது.

அத்தானுக்கு அடுத்த வாரம் சுடும் தேர்வு. முதல் தடவை காய்ச்சலோடு போய்த் தவறியிருந்தார். இதிலும் தவறினால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் வேலை, வேலை போனால் சிங்கப்பூர். அது எல்லாருக்கும் தெரியும். தேர்வில் ஐந்து தோட்டாவும் சுட்டாக வேண்டும், ஒரு குழியைக் காலி விட முடியாது. துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்தவர் சார்ஜண்ட். தோட்டாவைப் போட்ட உடனே அத்தானின் கட்டைவிரல், விளிம்பு தூக்கி நின்ற ஒரு குழியின்மேல் நின்றுவிட்டதை நான் பார்த்தேன். கோளாறு என்றால் இடது கையைத் தூக்க வேண்டும், தூக்கினார்.

"கையை எறக்கு லா! பள்ளிக்கூடமா இது, ஒண்ணுக்குப் போகக் கை தூக்குற?"

அத்தான் கையை இறக்கினார். விரலால் அழுத்தி அழுத்தி உருளையை மூடினார். மூன்று வெடித்தது. பிறகு உருளை இறுகிக்கொண்டது. அவர் இரண்டு கையாலும் விசையை இழுத்துக்கொண்டே இருக்க, நேரம் முடிந்து குறிப்பலகை திரும்பிவிட்டது.

சார்ஜண்ட் துப்பாக்கியை வாங்கி, தட்டித் திறந்து, உருளையைக் காலி செய்தார். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க," என்று புதிதாகத் தோட்டா போட ஆரம்பித்தார். பொட்டு இருந்த குழி வந்தபோது அவர் விரல் அதைத் தாண்டிப் போயிற்று. தடவிப் பார்க்கவில்லை, தயங்கவில்லை. நான்கு போட்டார், நான்கையும் சுட்டார். "துப்பாக்கிக்கு என்னா குறை? போ, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் மரம் வெட்டு."

"நாலுதான் சார் போட்டீங்க," என்றேன்.

"எண்ணத் தெரிஞ்சவன் படிச்சு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கணும். நீ ஏன் லா இங்க நிக்கிற?"

இந்த முறையும் எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. நான் மறுநாளிலிருந்து போகவில்லை. எனக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான். அத்தானின் வேலை போயிற்று, அவரும் அக்காவும் அறையைக் காலி செய்துகொண்டு திரும்பப் பாலம் தாண்டினார்கள்.

சார்ஜண்ட் ஓய்வு பெற்று நன்றாகவே இருக்கிறார். போன மாதம் தேக்கா சந்தையில் வஞ்சிர மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் இப்போது அதே சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்கிறேன். அடுத்து எங்கே என்று தெரியாது. விடுமுறை கிடைத்தால் ஜொகூரில் அக்கா வீட்டுக்குப் போவேன். அங்கே காஸ் அடுப்பில் ஒரு திருகு சரியாக மூடாது, வாயு கசியும். மறந்துபோய்த் தொட்டுவிடக் கூடாதென்று அக்கா அதன்மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறாள். அத்தான் கண்ணில் பட்டால் துணியைத் தின்னரில் நனைத்து, ஒரு துளி சிவப்பு மிஞ்சாமல் துடைக்கிறார்.

"அடுப்புல கெட்டது எதுவும் இல்ல," என்கிறார் அவளிடம். "கெட்டது உன் கைலதான்."

அவர் வெளியே போனதும் அக்கா மறுபடி புள்ளி வைக்கிறாள். குப்பி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வளையல் கடைக் கூடையில் கிளறி, அதே சிவப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நான் பாலம் தாண்டுகிறேன்.