அழிக்கும் முன் ஒரு கேள்வி

கறுப்புத் திரையில் அந்த ஒற்றை வரி மின்னி நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். போத்தனூரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டினேன். கோவையில் ஒரு மருத்துவமனையில் மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் எந்திரம் படுத்துவிட, கம்பெனிக்காரனே கைவிரித்தபோது அதை ஓட வைத்தேன். அந்தப் பதிவு அறையே நான் உண்டாக்கியது. முப்பது வருடம் தலைதலையாக ஒயர் ஒட்டியவன். கோட்டைப் பார்த்தே நோயாளி பல்லைக் கடித்தாரா, கண்ணை இமைத்தாரா என்று சொல்வேன்.

அங்கேதான் ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியர் வேலைக்கு வந்தார். பதிவுகள் கம்ப்யூட்டரில் நிரம்பி வழிந்தன. ஒன்றைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அவர் ஒரு புரோகிராம் எழுதினார். பதிவின் பெயரைத் தட்டினால் போதும், முதல் பத்து நொடிக் கோடுகள் கண்முன் வரும். வேண்டாததை ஒரே கட்டளையில் அழிக்கலாம். கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஒருநாள், கோடுகள் தாறுமாறாக இருந்தவற்றையெல்லாம் அது பொறுக்கிக் குப்பை என்று வரிசை கட்டியது. முந்தின நாள் எடுத்த அன்னூர்ச் சிறுமியின் பதிவும் அதில் இருந்தது. அழிக்கப் போனவரின் கையைப் பிடித்துவிட்டேன்.

“ஏனுங்க தம்பி, பாத்தாச்சுங்களா? அது குப்பையில்லீங்க. அந்த அம்மணிக்கு வலிப்பு வந்து ஒயரெல்லாம் ஆடுனதுங்க. நாந்தானுங்க பக்கத்துல நின்னேன்.”

“ஏனுங்கண்ணா, எட்டாங்கிளாஸ்லயே இதெல்லாம் நடத்திப்போட்டாங்களா?” என்று சிரித்தார்.

அந்தச் சிறுமிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா வந்து, ஆட்டம் தொடங்குமுன் இருந்த கோடுகளில் விரலை வைத்தார். “இந்தப் புள்ளைக்கு வலிப்பு எங்க தொடங்குதுன்னுதானுங்க நாலு மாசமாத் தேடிட்டிருந்தேன்.” என்ஜினியரின் சிரிப்பு நின்றது. மறுநாளே புரோகிராமை மாற்றினார். எதையும் அழிக்குமுன் அது தாறுமாறான இடத்தைத் திறந்து காட்டி, இங்கிலீஷ் எழுத்தில் கேட்டது: பாத்தாச்சுங்களா? என் வாய்ச்சொல், அப்படியே.

போன வாரம் முழங்கால் வலிக்கு அங்கே போனவன், நான் ஓய்வு பெற்ற அந்தப் பழைய அறையை எட்டிப் பார்த்தேன். இப்போது வேலை செய்யும் பெண் புரோகிராமின் விளக்கப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். என்ஜினியர் பெயர், டாக்டரம்மா பெயர், நாலு மாணவர்கள் பெயர். கடைசியில், என்ஜினியர் வளர்க்கும் பூனைக்கு நன்றி. நான் இல்லை.  அங்கிருந்தே என்ஜினியருக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, புரோகிராம் எழுதுனவங்க பேரு மட்டுந்தானுங்க போடுவோம்.”

“அப்போ பூனை எழுதுச்சுங்களா?”

 இன்றைக்கும் அழிக்கப் போகிற ஒவ்வொரு கையையும் அந்த வரிதான் பிடித்து நிறுத்துகிறது. பிடித்து நிறுத்துகிற அந்தக் கை என்னுடையது. என் பெயரைப் போடுங்கள், பூனைக்கு மேலே.