நான் டிக் போட்ட இசைப் பள்ளி

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் கிராண்ட் முடிவு நாள். பெற்றோருக்குப் பள்ளியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு அதிகரிக்க வேண்டும் என்று, ஒரு துறையில் சிறப்புப் பள்ளியாக மாற விரும்பும் அரசுப் பள்ளிகளுக்கு மாநில அரசு கொடுக்கும் நிதியுதவி அது. கல்வித் துறையின் பரமட்டா அலுவலகத்தில் அந்த விண்ணப்பங்களை மதிப்பிடுவது என் வேலை. மெரிலேண்ட்ஸ் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்று இசைப் பள்ளியாக மாறக் கேட்டிருந்தது. கூடவே பெற்றோரின் ஆதரவுக் கடிதங்கள் ஒரு கட்டு.

பாதிக் கடிதங்கள் அங்கிருந்து தள்ளி, நான் குடியிருக்கும் நார்த்மீட்டிலிருந்து. சனி ஞாயிறு வயலின் வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எங்கள் ஆட்கள். தெரிந்தவர்களுக்குச் சலுகை காட்டினேன் என்று பேச்சு வந்தால்? இவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள் என்று ஓடிப்போய் மானேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டுப் படித்து முடிக்கச் சொன்னார். என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்பில் சேர எல்லாருக்கும் ஆடிஷன், அதாவது வாசித்துக் காட்டும் தேர்வு, என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. டிக் போட்டேன்.

அது இசைப் பள்ளியாக மாறிய பிறகு ஒரு போன். தமிழ் பேசும் ஆள் கேட்டதால் என்னிடம் திருப்பினார்கள். பள்ளிக்கு எதிர்வீட்டுத் தாய், முதியோர் இல்லத்தில் வேலை. மகள் ஆடிஷனில் எடுபடவில்லை.

"ரோட்டைக் கடந்தா ஸ்கூல், அக்கா. இப்ப தனிய ரெண்டு பஸ் மாறிப் போறாள். நான் அஞ்சு மணிக்கே வேலைக்கு வெளிக்கிடோணும்."

வேறு பள்ளிகளையும் தெரிவு செய்யலாம் என்று வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"நான் தெரிவு செய்தது இதைத்தான், அக்கா. எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே."

போனை வைத்துவிட்டுப் பழைய கட்டைப் புரட்டினேன். பள்ளி இருக்கும் தெருவிலிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. என் பெயர் கெடாமலிருக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த எனக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மானேஜரை விடாமல் நச்சரித்தேன். கடைசியில், அக்கம்பக்கப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் சேர ஆடிஷன் வேண்டாம் என்று நிபந்தனை மாறியது. அதற்குள் அவள் மகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

செய்தியைச் சொல்லப் போன் எடுத்தேன்.

"இனி வாற பிள்ளையளுக்கு நல்லது, அக்கா," என்றாள். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களே, கடிதங்களைப் படித்தவுடன் டிக் போடாதீர்கள். ஒருநாள் பள்ளி விடும் நேரம் வாசல் கேட்டடியில் போய் நில்லுங்கள். நடந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைகளின் தாய்மாரிடம் கேளுங்கள். அலுவலகத்திலிருந்து அந்தப் பள்ளிக்கு ஒரே பஸ்தான். நான் போகவில்லை.