முடிச்சூர் சாலையில் ஒரு கொத்து நொச்சி

முடிச்சூர் சாலையில் காலை ஒன்பது மணி. எங்கள் ஸ்கூட்டரை உரசிக்கொண்டு போன மணல் லாரி கண்ணுக்கு மறைந்துவிட்டது. எங்களுக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் என் மனைவி சாந்தா சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நடந்தே வர்றேன். இனிமே வண்டியில ஏற மாட்டேன்."

படப்பையில் இன்று அவள் தங்கைக்கு வளைகாப்பு. நடந்து போனால் பந்தியே முடிந்துவிடும்.

சாலையோர வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் ஓர் அக்கா நடந்ததைப் பார்த்திருக்கிறார். தோட்டத்துக்குள் போய் நொச்சி, வேப்பிலை, துளசி மூன்றையும் ஒரு கொத்தாக ஒடித்து, தண்ணீரில் நனைத்து எடுத்து வருகிறார்.

"பயந்துகினு கீது பொண்ணு. கெட்டதெல்லாம் மேல ஒட்டிக்கும். கண்ண மூடிக்கமா."

கொத்தைச் சாந்தாவின் தலையைச் சுற்றி மூன்று முறை சுழற்றி, தோளிலிருந்து பாதம் வரை தடவி இறக்குகிறார். கசங்கிய இலைகளின் வாசனையை அவள் ஆழமாக இழுக்கிறாள். ஈர இலை மூக்கில் பட்டதும் சிரித்துவிடுகிறாள்.

"இதெல்லாம் பலிக்குமாக்கா?" என்று கேட்கிறேன்.

"பலிக்காமயா எழுந்து நிக்குது? நீ வண்டிய எடு சார்."

உதைக்கிறேன். கால் கிக்கரிலிருந்து வழுக்குகிறது. மறுபடி உதைக்கிறேன். முழங்கால் நடுங்குவது பேன்ட்டுக்கு வெளியே தெரிகிறது.

அக்கா என் காலைப் பார்க்கிறார். தோட்டத்துக்குள் போய்ப் புதிதாக இன்னொரு கொத்து ஒடிக்கிறார். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிகிறேன்.