புளியமரம் காரு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ் சத்தியவேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. "நமது பராமரிப்புப் பிரிவு ஊழியர் திரு. புளியமரம் மாரடைப்பால் திருப்பதி மருத்துவமனையில் காலமானார்." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, புதிதாகச் சேர்ந்த பெண், "யாருக்கா இது? புளியமரம்னு ஒரு பேரா?" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஆபீசில் போய்ப் பேரை மாத்துண்ணா என்று! கடைசிவரை மாற்றாமலே போய்விட்டார்.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவர் பெயர் ஏகாம்பரம். நகரிக்குப் பக்கத்துக் கிராமம். ஸ்ரீ சிட்டியில் எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்ப்பவர். வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸ் குமாஸ்தா, "இன்டி பேரு செப்பண்டி" என்று குடும்பப் பெயரைக் கேட்டிருக்கிறார். நம் தமிழ் ஆட்கள் அதற்கு எங்கே போவார்கள்? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் மேலே நகராதாம். "ஊர்ல எங்களைப் புளியமரத்து வீட்டுக்காரங்கன்னு சொல்வாங்க சார்" என்றிருக்கிறார் இவர். ஆந்திர வழக்கப்படி அது முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் புளியமரம். ஏகாம்பரம் அதன் கீழே எறும்பு அளவில். வேலை பார்த்த பன்னிரண்டு வருஷமும் மேலதிகாரிகளுக்கு அவர் மரியாதையாகப் 'புளியமரம் காரு'தான். "கூப்ட்டா திரும்பிப் பார்க்கறேன் இல்ல? அது போதும்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார் வேறு.

மூன்று வருஷத்துக்கு முன்பு திருப்பதியில் ஒரு ஹோட்டலில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். 'உங்கள் பெயரே உங்கள் பிராண்ட்' என்று தலைப்பு. டை கட்டிய பயிற்சியாளர், ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிஷம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த நான், மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அண்ணன் எழுந்தார். "செகண்ட் ஷிப்ட், நாலாம் நம்பர் மிஷின்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஐம்பது விநாடி இருக்கிறதே என்றார் பயிற்சியாளர். "அதை வேற யாருக்காவது குடுத்துருங்க சார்." ஹாலே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் அண்ணன் போனைப் பிடுங்கி, வேலை தேடுகிறவர்கள் பதியும் தளத்தில் அவர் பெயர், படம், அனுபவம் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் படத்தை எடுத்துவிட்டு மிஷினின் படத்தைப் போட்டிருந்தார். "என் மூஞ்சியை விட அது நல்லா கீதும்மா." இப்படிப்பட்ட மனிதரோடு எப்படி மல்லுக்கட்டுவது?

அந்த நாலாம் மிஷின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதில் வந்த மூடிகள் ஓரத்தில் மயிரிழையாக விரிசல் விட்டு, லாரி லாரியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. மிஷினை நிறுத்தி மறுபடி ஓட்டினால் முதலில் வருகிற மூடிகள்தான் விரிசல் விடுகின்றன என்று நான் கவனித்து அவரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் குழாய் குழாயாகக் கையை வைத்துச் சூடு பார்த்தார். குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று உள்ளே உப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது. சுத்தம் செய்தார், விரிசல் நின்றது. நோட்டில் என்ன எழுதினார் தெரியுமா? 'சரி செய்தது: செகண்ட் ஷிப்ட்.' கையெழுத்துகூட இல்லை. ஒரு இளம் இன்ஜினியர் அதை எடுத்து அழகாகப் படம் போட்டு மேலே காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். நான் குதித்தேன். அண்ணன், "வுடும்மா, மூடி ஒழுங்கா வருது இல்ல?" என்றார்.

விட முடியாத காரணம் எனக்கு இருந்தது. அவருக்கு ரத்த அழுத்தம். ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பதை நிறுத்தினால்தான் உடம்பு தாங்கும் என்று புத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் ஆனால் பகல் வேலை மட்டும்தான். இடம் ஒன்று காலியாயிற்று, இன்டர்வியூவுக்கு இவரையும் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் பஸ்ஸில் பாடம் நடத்தினேன்.

"நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லுண்ணா."

"நாங்க கண்டுபுடிச்சோம்."

"நாங்க இல்ல, நான்!"

"அப்படிச் சொன்னா நாக்கு ஒட்டிக்குதும்மா. கூட நின்னுக்கினு இருந்தவன்லாம் இன்னா ஆவறது?"

"இது உன் உடம்பு விஷயம்ணா."

"சரி சரி, சொல்றேன்" என்றார். இன்டர்வியூ முடிந்து வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியாள் ஒருவருக்கு வேலை போயிற்று. நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு இடம் காலியானபோது, நான் விண்ணப்பம்கூடப் போடாமல் என்னைக் கூப்பிட்டுச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நான் செய்த பிராண்ட் வேலையெல்லாம் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முதலில் ஸ்வீட் வாங்கி வந்தவர் அவர்தான்.

காரியத்தன்று அவர் ஊருக்குப் போயிருந்தேன். இன்டர்வியூ எடுத்தவர்களில் ஒருவரான தெலுங்கு அம்மாள், இப்போது ஓய்வு பெற்றவர், வந்திருந்தார். என் பெயரைக் கேட்டதும், "ஆ வசந்தா நுவ்வேனா?" அந்த வசந்தா நீதானா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தமிழில் சொன்னார். உங்கள் பெரிய சாதனை என்ன என்று இன்டர்வியூவில் அண்ணனிடம் கேட்டார்களாம். நாலாம் மிஷினைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாராம். "அத்தனையும் உன்னைப் பத்திதாம்மா. 'வசந்தான்னு ஒரு பொண்ணு, அது பார்த்து சொல்லலன்னா நாங்க இன்னும் தேடிக்கினு இருப்போம்'னார். உன் பேரை நாங்க அன்னைக்கே எழுதி வச்சிக்கிட்டோம்."

மறுநாள் ஆபீசுக்குப் போய், அந்த இரங்கல் செய்தியைச் சரியான பெயரில் மறுபடி போடும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். போட்டார்கள். "ஏகாம்பரம் எவரு?" என்று நாலு பேர் கேட்டார்கள். நாலு பேருக்கும் சொன்னேன். நாலாம் மிஷினில் யார் புதிதாக வந்து நின்றாலும் அந்தத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுக் காட்டி, இதைக் கண்டுபிடித்தவர் ஏகாம்பரம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பெயர்தான். அவர் பயன்படுத்தவே இல்லை, புதிதாகவே இருக்கிறது.

ஆனால் பகல் வெளிச்சத்தில் இந்தச் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கோபம்தான் வருகிறது. உன்னை யார் கேட்டார்கள் அண்ணா? பத்து நிமிஷம் என் பெயரைச் சொன்ன வாயால், ஒரே ஒரு தடவை உன் பெயரையும் சொல்லியிருக்கக் கூடாதா?